தில்லி யமுனை: பருவந்தோறும் மாறும் மாசு

தில்லியின் தென்கிழக்கு எல்லையில் உள்ள காளிந்தி குஞ்ச் பகுதியில், ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்த சில வாரங்களில், யமுனை ஆற்றின் மீது வெண்ணிற நுரை படர்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பனிப்பாளம் போலத் தோன்றும். ஏறக்குறைய அதே நாட்களில்தான், பீகாரையும் கிழக்கு உத்தரப் பிரதேசத்தையும் பூர்வீகமாகக் கொண்ட லட்சக்கணக்கான தில்லிவாசிகள் சத் பூஜையைக் கொண்டாடுகிறார்கள். விரதமிருப்பவர்கள் இடுப்பளவு நீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் அளிப்பதுதான் அந்த வழிபாட்டின் முக்கியச் சடங்கு. நுரைக்கு நடுவே அவர்கள் நிற்கும் புகைப்படங்கள் உலகெங்கும் வெளியாகின்றன. பூஜை முடிந்து சில நாட்களில் அந்தச் செய்தியும் மறைந்துவிடுகிறது.

ஆனால் யமுனையின் பிரச்சினை ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் பிரச்சினை அல்ல. ஆகஸ்ட் மாதத்தில் இதே இடத்தில் செந்நிற வெள்ளம் கரைபுரண்டு ஓடும். ஜனவரியில் நுரை இருக்காது. ஆனால் ஆற்றுநீரில் அம்மோனியா அதிகரித்துவிட்டதாகக் கூறி, நகரின் பல பகுதிகளில் குடிநீர் விநியோகம் குறைக்கப்படும். மே மாதத்தில் ஆறு கறுத்து, ஓட்டமின்றி, துர்நாற்றத்துடன் கிடக்கும்.

ஒரே நகரத்தின் கழிவைச் சுமக்கும் ஒரே ஆறு, ஓராண்டுக்குள் இத்தனை தோற்றங்களைக் கொள்வது ஏன்? இதற்கான விடை, யமுனையைத் தூய்மைப்படுத்த முப்பதாண்டுகளுக்கும் மேலாக எடுக்கப்பட்ட முயற்சிகள் ஏன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் விளக்குகிறது.

22 கிலோமீட்டரின் கதை

இமயமலையில் யமுனோத்ரிக்கு அருகே தோன்றும் யமுனை, 1,376 கிலோமீட்டர் தூரம் ஓடி பிரயாக்ராஜில் கங்கையுடன் கலக்கிறது. தில்லியில் வஜீராபாத் கதவணைக்கும் ஓக்லா கதவணைக்கும் இடைப்பட்ட தொலைவு 22 கிலோமீட்டர் மட்டுமே. அதாவது ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. எனினும், யமுனையில் சேரும் மொத்த மாசில் சுமார் முக்கால் பங்கு இந்தச் சிறு பகுதியில்தான் சேர்கிறது என்று அரசு அமைப்புகளின் மதிப்பீடுகள் கூறுகின்றன.

இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் தில்லியில் நாளொன்றுக்கு 330 கோடி முதல் 360 கோடி லிட்டர் வரை கழிவுநீர் உருவாவதாக மதிப்பிடப்படுகிறது. இதில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்படுகிறது. எஞ்சியது சுமார் இருபது வடிகால்கள் வழியாக ஆற்றை அடைகிறது. இவற்றில் மிகப் பெரியது நஜஃப்கட் வடிகால். ஒரு காலத்தில் சாஹிபி என்ற பருவகால ஆறு ஓடிய தடம் அது. இன்று அது வஜீராபாத் கதவணைக்குச் சற்றுக் கீழே யமுனையில் கலக்கிறது.

இந்த அமைவிடம் முக்கியமானது. கதவணைக்கு மேலே தேங்கும் நீரைத்தான் தில்லி குடிநீருக்காக எடுத்துக்கொள்கிறது. மழையில்லாத மாதங்களில் கதவணையைத் தாண்டிக் கீழே செல்லும் நன்னீர் மிக மிகக் குறைவு. ஆகவே, ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்கு, வஜீராபாத்துக்குக் கீழே யமுனை என்ற பெயரில் ஓடுவது பெரும்பாலும் நஜஃப்கட் வடிகாலின் நீரும் அதன் பின் வரும் பிற வடிகால்களின் நீருமே ஆகும்.

மாறுவது கழிவு அல்ல, நீர்

ஆற்றுநீரின் தரத்தை அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ஒன்று உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை. நீரில் உள்ள கரிமக் கழிவுகளைச் சிதைப்பதற்கு நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பதை இது காட்டுகிறது. இந்த அளவு கூடக்கூட நீர் மாசடைந்திருக்கிறது என்று பொருள். குளிப்பதற்கு ஏற்ற நீரில் இது ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவின் தர விதி. கரைந்துள்ள பிராணவாயுவோ குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை 60 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் கழிவுநீரை, மாசே இல்லாத ஒரு லிட்டர் நீருடன் கலந்தால் அந்த அளவு 30 ஆகக் குறையும். அதே ஒரு லிட்டர் கழிவுநீரை 19 லிட்டர் நன்னீருடன் கலந்தால் 3 ஆகிவிடும். முதல் கலவையில் கால் வைக்கவே கூசும். இரண்டாவது, தர விதியின்படி குளிக்க ஏற்ற எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டிலும் கலந்த கழிவின் அளவு ஒன்றுதான்.

யமுனையில் பருவந்தோறும் நடப்பதும் இதுவே. தில்லி மக்கள் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நீரைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே அளவில்தான் கழிவை வெளியேற்றுகிறார்கள். ஆனால் ஆற்றின் ஆண்டு நீரோட்டத்தில் சுமார் 80 சதவீதம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஒரு சில மாதங்களுக்குள் வந்து போய்விடுகிறது. மீதி நாட்களுக்கு எஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. அதிலும் பெரும்பகுதி தில்லியை எட்டுவதற்கு முன்பே திருப்பிவிடப்படுகிறது.

மழைக்காலம்: தற்காலிக விடுதலை

ஜூன் மாத இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ பருவமழை தில்லியை அடைகிறது. முதல் மழை ஆற்றுக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது. கோடை முழுவதும் தெருக்களில் சேர்ந்த எண்ணெய், குப்பை, தூசி ஆகியவற்றோடு, வடிகால்களின் அடியில் மாதக்கணக்கில் படிந்திருந்த சகதியையும் அது ஒரே மூச்சில் ஆற்றுக்குள் தள்ளுகிறது. இந்தச் சகதி கலங்கி எழும்போது நீரில் எஞ்சியிருக்கும் சிறிதளவு பிராணவாயுவும் தீர்ந்துபோகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதப்பது இத்தகைய தருணங்களில்தான். 2002 ஜூன் மாதத்தில் ஆக்ராவுக்கு அருகே ஆயிரக்கணக்கான மீன்கள் இறந்து கிடந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

அதன் பின்னர் மலைப்பகுதியிலிருந்து வெள்ளம் வருகிறது. ஹரியாணாவில் யமுனை சமவெளியில் இறங்கும் இடத்தில் உள்ள ஹத்னிகுண்ட் கதவணையின் மதகுகள் திறக்கப்படுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் அந்த நீர் தில்லியை அடைகிறது. அப்போது மாசின் செறிவு சரிகிறது. கரைந்துள்ள பிராணவாயு உயர்கிறது. மற்ற மாதங்களில் ஏறக்குறைய உயிரற்றுக் கிடக்கும் ஆற்றில் சில வாரங்களுக்கு உயிர் திரும்புகிறது.

2023 ஜூலை 13ஆம் தேதி, தில்லியின் பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978இல் பதிவான 207.49 மீட்டர் என்ற உச்சத்தை அது முறியடித்தது. தாழ்வான பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் வெள்ளத்தால் மூடப்பட்டன. வரலாறு காணாத அளவு நீர் ஓடிய நாளில் நகரின் குடிநீர் விநியோகம் குறைந்தது என்பது ஒரு முரண்.

மழைக்கால யமுனை பார்வைக்குத் தூய்மையாகத் தெரிந்தாலும், அது முற்றிலும் பாதுகாப்பான நீர் அல்ல. மனிதக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் மழைக்காலத்திலும் ஆற்றில் உள்ளன. பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிவதும், திறந்த வெளிகளிலிருந்து அசுத்தம் அடித்து வரப்படுவதும் இதற்குக் காரணங்கள். ஆற்றின் மாசு கரைந்து அழிந்துவிடவில்லை. வேகமாகக் கீழ்நோக்கிச் செல்கிறது, அவ்வளவே.

மழைக்குப் பின்: நுரை

அக்டோபரில் மழை ஓய்ந்து நீரோட்டம் குறையத் தொடங்குகிறது. அப்போதுதான் நுரை எழுகிறது. துணி துவைக்கும் தூளிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் உள்ள ஒருவகை ரசாயனங்களே இதற்கு முதன்மைக் காரணம். அவற்றின் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு ஒட்டும். மறு முனை எண்ணெயோடு ஒட்டும். அழுக்கை அகற்ற உதவும் இதே பண்புதான் காற்றுக் குமிழ்களை உடையாமல் காக்கவும் செய்கிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரிலுள்ள கொழுப்புப் பொருட்களும், இழை வடிவில் வளரும் சில பாக்டீரியாக்களும் நுரையை மேலும் கெட்டிப்படுத்துகின்றன.

நுரை எழ மூன்று சூழல்கள் ஒன்றுசேர வேண்டும். நீரில் ரசாயனச் செறிவு போதுமான அளவு இருக்க வேண்டும். நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்க வேண்டும். எழுந்த நுரை உடனே உடைந்துவிடாத அளவுக்குக் குளிர்ச்சி வேண்டும். பெருவெள்ளத்தில் முதல் சூழல் இல்லை. கோடையில் கதவணையைத் தாண்டி விழும் நீர் குறைவு. வெப்பமும் குமிழ்களை விரைவில் உடைத்துவிடும். அக்டோபரிலும் நவம்பரிலும் மட்டும் மூன்றும் ஒன்றாகக் கூடி வருகின்றன. ஓக்லா கதவணையின் மதகுகள் வழியாக விழும் நீர், ஒரு பெரிய சலவைத் தொட்டியைக் கலக்கியதுபோல நுரைக்கிறது.

அதிகாரிகள் படகுகளில் சென்று நுரை உடைக்கும் திரவத்தைத் தெளிப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. 2021இல் நுரை பரவாமல் தடுக்க மூங்கில் தட்டிகள்கூட வைக்கப்பட்டன. இந்தத் திரவம் குமிழை உடைக்கிறதே தவிர, நுரைக்குக் காரணமான ரசாயனத்தை நீரிலிருந்து அகற்றுவதில்லை. கேமராவுக்குத் தெரிந்த மாசு, தெரியாத மாசாக மாறுகிறது.

2024 நவம்பரில், யமுனைக் கரையில் சத் பூஜை நடத்த அனுமதிக்குமாறு கோரிய மனுவை தில்லி உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மாசடைந்த நீரில் இறங்கினால் பக்தர்கள் நோய்வாய்ப்படக்கூடும் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். 2025இல் பொறுப்பேற்ற புதிய மாநில அரசு, அந்த ஆண்டு ஆற்றங்கரையில் வழிபாட்டுக்கு மீண்டும் ஏற்பாடு செய்தது. சத் பூஜை ஒரு சமய விழா என்பதோடு, அதைக் கொண்டாடுவோர் தில்லியின் முக்கியமான வாக்காளர்களும் ஆவர். ஆகவே நுரை ஒவ்வோர் ஆண்டும் அரசியல் விவகாரமாகவும் உருவெடுக்கிறது.

குளிர்காலம்: கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான மாதங்களில் நுரை குறைந்துவிடும். ஆனால் நகர மக்களை நேரடியாகப் பாதிக்கும் மாசு இக்காலத்தில்தான் வருகிறது. இம்முறை மாசு தில்லிக்குள் உருவாவதில்லை. ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வருகிறது.

ஹரியாணாவின் பானிபட், சோனிபட் மாவட்டங்களில் உள்ள சாயப்பட்டறைகள் உள்ளிட்ட தொழிற்சாலைகளின் கழிவும், அங்குள்ள நகரங்களின் கழிவுநீரும் வடிகால்கள் வழியாக யமுனையில் கலக்கின்றன. இவற்றில் அம்மோனியா உள்ளது. வெப்பமான காலத்தில், ஆற்றில் இயல்பாகவே வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். குளிர் கூடும்போது அந்த பாக்டீரியாக்களின் செயல்பாடு வெகுவாக மந்தமாகிறது. அதே வேளையில் ஆற்றில் நீரும் குறைவு. எனவே அம்மோனியா சிதையாமலும் நீர்க்காமலும் வஜீராபாத் வரை வந்து சேர்கிறது.

குடிநீரில் அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர விதி. தில்லியின் சுத்திகரிப்பு நிலையங்களால் ஆற்றுநீரில் சுமார் ஒரு மில்லிகிராம் வரை உள்ள அம்மோனியாவைத்தான் சமாளிக்க முடியும். குளிர்காலத்தில் இது 5 மில்லிகிராமுக்கும் மேலே போவதுண்டு. கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின் முதலில் அம்மோனியாவுடன் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை அகற்ற 8 முதல் 10 மில்லிகிராம் வரை குளோரின் தேவைப்படும். குளோரினைக் கூட்டிக்கொண்டே போனால், நீரிலுள்ள கரிமப் பொருட்களுடன் சேர்ந்து உடல்நலத்துக்குக் கேடான துணைப்பொருட்கள் உருவாகும். எனவே ஓரளவுக்கு மேல் அம்மோனியா ஏறினால், நிலையங்களின் உற்பத்தியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதன் விளைவை எல்லோரும் சமமாக அனுபவிப்பதில்லை. கங்கை நீரைப் பெறும் சோனியா விகார் நிலையத்தை நம்பியிருக்கும் பகுதிகளுக்குப் பாதிப்பு குறைவு. வஜீராபாத்தையும் சந்திராவலையும் நம்பியிருக்கும் பகுதிகளில் குழாய்களில் நீரின் அழுத்தம் குறைகிறது. வீட்டில் ஆழ்குழாய்க் கிணறோ பெரிய தொட்டியோ உள்ளவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள், கடுங்குளிர் நிலவும் அதிகாலையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில், தில்லி சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, ஹரியாணா அரசு யமுனையில் நஞ்சு கலக்கிறது என்று முன்னாள் முதல்வர் அர்விந்த் கேஜ்ரிவால் குற்றஞ்சாட்டினார். ஹரியாணா அதை மறுத்தது. தேர்தல் ஆணையம் அவரிடம் ஆதாரம் கோரியது. தில்லி குடிநீர் வாரியத்தின் தலைமை நிர்வாகியும் அந்தக் குற்றச்சாட்டு உண்மைக்குப் புறம்பானது என்றும், குளிர்காலத்தில் அம்மோனியா உயர்வது வழக்கமாக நிகழ்வதே என்றும் விளக்கமளித்தார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நிகழும், முன்கூட்டியே அறிந்த ஒன்றுக்கு இத்தனை ஆண்டுகளாக நிரந்தரத் தீர்வு ஏன் காணப்படவில்லை என்ற கேள்வி அந்த வாக்குவாதத்தில் அமுங்கிப்போனது.

கோடை: மூச்சு முட்டும் ஆறு

மார்ச் முதல் ஜூன் வரை ஆறு மிக மோசமான நிலையை அடைகிறது. இதற்கு இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து காரணமாகின்றன. 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீர் சுமார் 10 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அதே வெப்பம், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைக் கூட்டுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. தில்லிப் பகுதியில் பல இடங்களில் கரைந்துள்ள பிராணவாயு பூஜ்ஜியம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் அறிக்கைகள் பதிவு செய்வது இதனால்தான். பிராணவாயு இல்லாத நீரில் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. ஆற்றோரம் வசிப்பவர்கள் உணரும் அழுகிய முட்டை நாற்றம் அதுவே.

இதன் பாதிப்பு தில்லியோடு நிற்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் யமுனையை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கிறது. தில்லிக்குக் கீழே, சம்பல் ஆறு வந்து கலக்கும் வரையிலான 490 கிலோமீட்டர், கழிவுச் சத்து மிகுந்து பாசி மண்டிய பகுதியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. மதுராவும் ஆக்ராவும் இந்தப் பகுதியில்தான் உள்ளன. 2016 கோடையில், தாஜ்மகாலின் ஆற்றுப்பக்கச் சுவர்களில் பச்சை நிறக் கறைகள் காணப்பட்டன. ஓட்டமற்றுத் தேங்கிய யமுனையில் பெருகிய சிறு பூச்சிகளின் எச்சம்தான் அந்தக் கறை என்று தொல்லியல் துறை கண்டறிந்தது.

தில்லியின் வெள்ளச் சமவெளியில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளின் வாழ்வும் இந்தப் பருவச் சுழற்சியில் சிக்கியுள்ளது. வெள்ளம் வடிந்த பின் விதைக்கிறார்கள். அடுத்த வெள்ளத்துக்கு முன் அறுவடை செய்கிறார்கள். இந்தக் காய்கறிகளில் கன உலோகங்கள் சேர்கின்றன என்ற அச்சத்தால், அங்கு உணவுப் பயிர்களை விளைவிக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தடை விதித்தது. நகரத்தின் கழிவுக்கு நகரம் கொடுக்காத விலையை, பெரும்பாலும் நிலமற்ற குத்தகைதாரர்களான அவர்கள் கொடுக்க நேர்கிறது.

நீரைப் பங்கிட்ட ஒப்பந்தம்

யமுனை நீரைப் பங்கிட்டுக்கொள்ள 1994 மே மாதத்தில் உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம், தில்லி ஆகியவை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த ஒப்பந்தம் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கிறது. தில்லிக்கு ஆண்டுக்கு 72.4 கோடி கன மீட்டர் நீர். அதில் 58 கோடி கன மீட்டர் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நான்கு மாதங்களுக்குரியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6.8 கோடி, மார்ச் முதல் ஜூன் வரை 7.6 கோடி மட்டுமே. ஆற்றின் பருவ ஏற்றத்தாழ்வு அப்படியே காகிதத்தில் பதிவாகியிருக்கிறது எனலாம்.

ஆற்றுக்கென விடப்பட்ட பங்கு இன்னும் சிறியது. உச்சநீதிமன்ற உத்தரவின்படி, வறண்ட மாதங்களில் ஹத்னிகுண்டிலிருந்து வினாடிக்கு 10 கன மீட்டர் நீர் ஆற்றில் விடப்படுகிறது. மற்றவை கால்வாய்களுக்குத் திருப்பப்பட்டு, பெரும்பாலும் பாசனத்துக்குச் செல்கின்றன. இந்த 10 கன மீட்டரும் வழியில் மணலில் இறங்கிவிடுவதால், தில்லிக்கு அதனால் பெரிய பயன் கிடைப்பதில்லை. ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் இதை 23 கன மீட்டராக உயர்த்துமாறு பரிந்துரைத்தது. ஆனால் கூடுதல் நீர் யாருடைய பங்கிலிருந்து வரும் என்பதில் மாநிலங்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை. ஹரியாணா விவசாயிகளுக்கும் நீர் தேவை என்பது மறுக்கக்கூடிய வாதம் அல்ல.

மழைநீரை மலையில் தேக்கி, வறண்ட மாதங்களில் திறந்துவிடலாம் என்பது ஒரு யோசனை. இதற்கெனத் திட்டமிடப்பட்ட லக்வார், ரேணுகாஜி ஆகிய இரு அணைகளுக்கு 2021 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலநடுக்க ஆபத்து உள்ள இமயமலைப் பகுதியில் பெரிய அணைகள் தேவையா, நிலமும் காடும் மூழ்குவதற்கு ஈடு என்ன என்று சூழலியலாளர்கள் கேட்கின்றனர். தேக்கப்படும் நீரும் நகரத்தின் குழாய்களுக்கே போய்விட்டால் ஆற்றுக்கு என்ன மிஞ்சும் என்பது அடுத்த கேள்வி.

1994 ஒப்பந்தத்தை 2025ஆம் ஆண்டுக்குப் பின்னர், மாநிலங்கள் கோரினால், மறுஆய்வு செய்யலாம் என்று அந்த ஒப்பந்தமே கூறுகிறது. அந்த வாய்ப்பு இப்போது திறந்திருக்கிறது.

பணம் செலவானது, ஆறு மாறவில்லை

ஜப்பானிய நிதியுதவியுடன் யமுனை செயல்திட்டம் 1993இல் தொடங்கியது. பத்திரிகைச் செய்தி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1994இல் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விரிவான உத்தரவைப் பிறப்பித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன; பழையவை புதுப்பிக்கப்பட்டன.

எனினும் அடிப்படைக் குறைகள் நீடிக்கின்றன. தில்லியில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அங்கீகாரமற்ற குடியிருப்புகள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கு வாழ்பவர்கள் நகரத்தைக் கட்டியெழுப்பும் தொழிலாளர்கள். தங்கள் கழிவைத் திறந்த வடிகாலில் விடுவது அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த வழியல்ல. இன்னொரு குறை, சுத்திகரித்த நீரையும் சுத்திகரிக்காத கழிவுநீர் ஓடும் அதே வடிகாலில் விடுவது. செலவிட்டுத் தூய்மையாக்கிய நீர், ஆற்றைச் சேரும் முன்பே மீண்டும் அசுத்தமாகிவிடுகிறது.

இவற்றோடு, ஆற்றின் பருவ மாற்றமே நிர்வாகத்துக்கு ஒரு வசதியாக அமைந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாத அளவீடுகள் நன்றாக இருக்கும்போது, அதைத் தங்கள் நடவடிக்கைகளின் வெற்றியாக ஆட்சியாளர்கள் காட்ட முடிகிறது. அக்டோபர் நுரையை ஒரு விழாக்காலப் பிரச்சினையாகவும், ஜனவரி அம்மோனியாவை அண்டை மாநிலத்தின் தவறாகவும், மே மாத நாற்றத்தை வெயிலின் விளைவாகவும் பிரித்துப் பேச முடிகிறது. நான்கும் ஒரே பிரச்சினையின் நான்கு முகங்கள் என்பது மறைந்துபோகிறது.

வேறு நகரங்கள், வேறு பருவங்கள்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கு மழைநீரும் கழிவுநீரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரே சாக்கடைகளில் செல்கின்றன. வறண்ட நாட்களில் அவை சுத்திகரிப்பு நிலையத்தை அடையும். மழை பெய்தால் சாக்கடைகள் நிரம்பி, ஆற்றில் வழியும். தில்லியின் ஆற்றை மழை கழுவுகிறது. லண்டனின் ஆற்றை மழை அசுத்தமாக்கியது. அந்த வழிதலைப் பிடித்து வைப்பதற்காகவே 25 கிலோமீட்டர் நீளமுள்ள ராட்சதச் சுரங்கம் தோண்டப்பட்டு, 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையின்போது நகரத்து ஆறுகள் தேங்கிய கழிவைக் கடலுக்குள் தள்ளுகின்றன. 2019 இறுதியில் மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரைகளில் குழந்தைகள் விளையாடிய நுரை அப்படி வந்ததே.

ஒவ்வொரு நகரத்தின் ஆற்றுக்கும் அதன் மோசமான பருவம் எது என்று தெரிந்தால்தான் தீர்வு பொருந்தும். லண்டன் தன் ஆற்றை மழைநாளில் அளந்து, அந்த நாளுக்காகச் சுரங்கம் கட்டியது. தில்லி தன் ஆற்றை அளக்க வேண்டியது ஆகஸ்டில் அல்ல. ஜனவரியிலும் மே மாதத்திலும்தான். அந்த மாதங்களில் ஓக்லாவுக்கு அருகே நீரில் பிராணவாயு இருந்தால், வஜீராபாத்தில் அம்மோனியா ஒரு மில்லிகிராமுக்குள் நின்றால், கழிவுநீர்க் குழாய்கள் ஏழைக் குடியிருப்புகளையும் எட்டின என்றும், ஆற்றுக்கென விட்ட நீர் ஆற்றில் ஓடியது என்றும் நம்பலாம். அதுவரை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் யமுனை சில வாரங்கள் தெளிவதும், மழை ஓய்ந்ததும் காளிந்தி குஞ்சில் நுரை திரும்புவதும் தொடரும்.